பழவேற்காட்டில் ஒரு பகல்

பழவேற்காட்டுக்கு ஒரு நாள் போய் வரலாமா என்று நான் கேட்டபோது எங்கள் வீட்டில் மூன்று விதமான பதில்கள் கிடைத்தன.

"அங்கே என்ன இருக்கிறது?" என்றார் என் கணவர்.

"படகில் போகலாமா?" என்றாள் ஒன்பது வயது நிரம்பிய என் பெண்.

"மீன் எப்படி?" என்றார் என் மாமியார்.

என் மாமியாரைப் பற்றி முன்னதாகவே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அவர் பிறந்து வளர்ந்தது நாகப்பட்டினம். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, அது கரையேறி எத்தனை நாழிகை ஆயிற்று என்று சொல்லிவிடுவார். பேரத்திலோ அவரை வென்றவர் எங்கள் பேட்டையில் யாரும் கிடையாது. சொன்ன விலையில் பாதியில் ஆரம்பிப்பார். முக்காலுக்கு வருவதற்குள் மீன்காரம்மாவுக்குத் தொண்டை வறண்டுவிடும். அப்படிப்பட்டவர் அன்று சாயங்காலம் செய்த ஒரு காரியத்தைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டாமா?

போகும் வழி

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. புளியோதரை, தயிர் சாதம், ஒரு பிளாஸ்க் நிறையக் காப்பி, தாராளமாகத் தண்ணீர் எல்லாவற்றையும் இரண்டு பைகளில் அடைத்து என் கணவரின் இரண்டு தோள்களிலும் மாட்டியாயிற்று. சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடித்தால் பொன்னேரியில் இறங்கலாம். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ். மொத்தம் அறுபது கிலோமீட்டருக்குள்தான். காலைப் பலகாரத்துக்கு முன் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் ஏரிக்கரையில் நிற்கலாம்.

ஏரி என்று சொல்லுகிறோமே தவிர, இது மழைத் தண்ணீர் மட்டும் நிற்கும் ஏரி அல்ல. கடல் நீரும் ஆற்று நீரும் கலந்து நிற்கும் காயல். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இதுதான் பெரியது. தெற்கே ஆரணியாறு வந்து சேருகிறது. வடக்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகள். நடுவே பக்கிங்ஹாம் கால்வாய் போகிறது. ஏரியின் பெரும் பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு ஓரம்தான் நம்முடையது. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் தீவுதான், ராக்கெட் விடுகிறார்களே, அந்த ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் புறப்படும் நாட்களில் மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். ஆகாயத்துக்குப் போகிறவனுக்காக அன்றைக்குக் கடலுக்குப் போகிறவன் வீட்டில் இருக்கிறான்.

இவ்வளவு பெரிய ஏரிக்கு ஆழம் மட்டும் மிகக் குறைவு. பல இடங்களில் ஓர் ஆள் நின்றால் தலை வெளியே தெரியும். இந்த ஆழமின்மையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு

முதலில் பார்த்தது டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். என் பெண் அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, ஒரு கண்ணால் மட்டும் பார்த்தாள்.

உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைகள். பெரிய பெரிய கற்பலகைகளில் குலச்சின்னங்களும் டச்சு மொழி எழுத்துக்களுமாக, பார்க்க அழகாகவே இருக்கின்றன. போர்த்துக்கீசியர் முதலில் வந்து வியாபாரம் செய்த இந்தத் துறைக்கு, 1610-இல் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரின் அனுமதி பெற்று டச்சுக் கம்பெனியார் வந்தார்கள். 1613-இல் கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். சோழ மண்டலக் கரை முழுவதிலும் அவர்களுக்கு இதுவே தலைநகரம். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள்.

இதைப் படித்துச் சொன்னதும் என் மாமியாரின் முகம் மலர்ந்தது. "பார்த்தாயா? எங்கள் ஊர் மீன் ருசி தெரிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்!"

"1781-இல் இங்கிலீஷ்காரன் நாகப்பட்டினத்தைப் பிடித்ததும் மறுபடி இங்கேயே வந்துவிட்டான், அம்மா" என்றார் என் கணவர்.

"அது அவன் தலையெழுத்து" என்று முடித்துவிட்டார் மாமியார்.

எதற்காக இத்தனை அமளி? துணிக்காக. இந்தப் பக்கத்து நெசவாளர் நெய்து சாயமிட்ட துணியைக் கொண்டு போய்க் கொடுத்தால்தான் கிழக்கே மொலுக்கஸ் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் கிடைக்கும். இன்றைக்கும் மலேசியாவில் கட்டம் போட்ட லுங்கிக்குக் 'காயின் பெலிகாட்' என்றுதான் பெயர். பழவேற்காட்டைப் 'புலிகாட்' ஆக்கிய வெளிநாட்டு நாக்கு, அங்கே போய்ப் 'பெலிகாட்' ஆகிவிட்டது. துணி மட்டும் கப்பலேறவில்லை. பஞ்ச காலங்களில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்களும் இந்தத் துறையிலிருந்து அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். அவர்களுக்கு எங்கேயும் கற்பலகை கிடையாது.

1825-இல் டச்சுக்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கோட்டை இருந்த இடத்தில் இப்போது முட்புதரும் மண்மேடும்தான். செம்புறாங்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதில் ராமாயணக் காட்சிகளை விரல் நீளச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். பள்ளிவாசல்கள் இருக்கின்றன, மாதா கோயில் இருக்கிறது. ஊரின் முஸ்லிம் பெண்கள் சாயமேற்றிய பனை ஓலையில் பெட்டியும் கூடையும் பின்னுகிறார்கள். என் பெண்ணுக்கு உள்ளங்கை அகலத்தில் மூடி போட்ட பெட்டி ஒன்று வாங்கினோம். அதையும் மாமியார் பேரம் பேசித்தான் வாங்கினார்.

பாடு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கோட்டைக்குப்பத்துப் பக்கம் நடந்தோம். ஒரு வேப்பமர நிழலில் பெரியவர் ஒருவர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு பொத்தலை அடைத்துக்கொண்டிருந்தார். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வலைக் கண்ணை விரலால் அளந்து பார்த்து, "இறால் வலையா?" என்று கேட்டதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். அதன் பிறகு நாங்கள் அந்நியர்களாக இல்லை.

அவர் மூலமாகத்தான் 'பாடு' என்ற விஷயம் எங்களுக்கு விளங்கிற்று.

சகோதரிகளே, நம் தெருவில் தண்ணீர் லாரி வருகிற நாளை நினைத்துக்கொள்ளுங்கள். குடங்களை வரிசையில் வைக்கிறோம். வரிசை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஏரியிலும் அப்படித்தான். கடல் நீர் உள்ளே வந்து போகும் முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில்தான் இறால் அதிகம் கிடைக்கும். நீரோட்டத்துக்குக் குறுக்கே கழிகளை நட்டுச் சுத்து வலை கட்டுவார்கள். நல்ல இடமும் உண்டு. சுமாரான இடமும் உண்டு. பலசாலி நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவன் பட்டினி. ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் என்ற மூன்று ஊர்ப் பட்டினவர்களும் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஊருக்கு எந்த நாள், எந்தக் குழுவுக்கு எந்த இடம் என்பதை முறையும் சீட்டும் தீர்மானிக்கின்றன. இன்றைக்கு மோசமான இடம் கிடைத்தவனுக்கு இன்னொரு நாள் நல்ல இடம் கிடைக்கும். இந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். சர்க்கார் சட்டம் போட்டு வந்ததல்ல. தலைமுறை தலைமுறையாக அவர்களே நடத்திவருவது. இலங்கையில் நீர்கொழும்புக் காயலிலும் இறால் வலைக்கு இப்படிச் சீட்டுப் போடும் வழக்கம் உண்டு.

"ஏரி சின்னதும்மா, வலை பெரிசு" என்றார் பெரியவர். "எல்லாரும் ஒரே நாளில் இறங்கினா யாருக்கும் ஒண்ணும் இருக்காது."

"பெண்களுக்குப் பாடு உண்டா, பெரியவரே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "கல்யாணமான ஆம்பளைக்குத்தாம்மா பாடு. கல்யாணம் ஆனாத்தானே குடும்பம், குடும்பம் இருந்தாத்தானே பாடு?"

"அப்படியானால் பாட்டைக் கொண்டுவந்தவள் பெண்டாட்டிதான் என்று சொல்லுங்கள்!" என்றார் மாமியார். பெரியவர் வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

படகு இல்லை

இதற்குள் என் பெண் பத்தாவது தடவையாகப் படகைப் பற்றி ஞாபகப்படுத்தினாள். கரையில் வரிசையாகப் படகுகள் நிற்கின்றன. எதிரே பளபளவென்று தண்ணீர். "அரை மணி நேரம்தானே?" என்று என் கணவருக்கும் சபலம் தட்டிற்று. ஒரு படகுக்காரரிடம் போய்க் கேட்டார்.

அந்த மனிதர் எங்களைப் பார்க்கவில்லை; என் பெண்ணைத்தான் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "வேணாங்க. புள்ளைய வச்சிக்கிட்டு வேணாம்."

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறை. எங்களைப் போலவே சாப்பாடு கட்டிக்கொண்டு, எங்களைப் போலவே குழந்தைகளை அழைத்துக்கொண்டு வந்தவர்கள் படகில் ஏறினார்கள். படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்துபோனார்கள். ஏரி ஆழமில்லாதது என்று முன்பு சொன்னேன் அல்லவா? முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கடலும் ஏரியும் ஒன்றையொன்று இழுக்கும் இடத்தில் அந்தக் கணக்கு செல்லாது. அதற்குப் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். யாராவது காசுக்கு ஆசைப்பட்டு அழைத்தாலும் ஏறாதீர்கள் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

என் பெண்ணின் கண்ணில் நீர் தளும்பிற்று. என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் யோசிக்கும்போது ஏரிதான் உதவிக்கு வந்தது. பாலத்தின் மேல் ஏறி நின்றதும், தூரத்தில் தண்ணீருக்கு மேல் ரோஜா நிறக் கோடு ஒன்று தெரிந்தது. கோடு அசைந்தது. பூநாரைகள்!

பூநாரை சைபீரியாவிலிருந்து வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, நம் நாட்டில் அது பெரும்பாலும் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் சதுப்பில். ஆனால் அதன் காலடியில் நீந்திக்கொண்டிருக்குமே ஊசிவால் வாத்து, சேற்றில் குறுகுறுவென்று ஓடுமே உள்ளான், அவற்றில் பல மெய்யாகவே ருஷ்யாவிலிருந்து வருகிறவைதாம். அங்கே கோடையில் குஞ்சு பொரித்து, பனி விழத் தொடங்கியதும் புறப்பட்டு, மத்திய ஆசியாவைக் கடந்து, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வருகின்றன. நம் தமிழ்நாட்டுப் பகுதியை 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள்.

"குழந்தைகளையும் கூட்டிக்கொண்டா வரும்?" என்றாள் என் பெண்.

"அந்த வருஷம் பொரித்த குஞ்சுகளும் வரும்" என்றேன்.

"அதுங்களுக்கு யாரும் படகு கொடுக்கவில்லையே" என்றார் என் கணவர். அதோடு அழுகை நின்றது.

வாயில் கவ்விய கூடை

வெயில் சாயும் நேரம். பாலத்திலிருந்து இறங்கி வரும்போது, தண்ணீரில் நாலைந்து தலைகள் மட்டும் தெரிந்தன. மெல்ல மெல்ல நகர்ந்தன. யாரோ எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்று நினைத்தேன்.

அவர்கள் இருளர்கள். பாம்பு பிடிப்பதில் பெயர் பெற்ற இருளர் இனத்தவர்தாம். பாட்டில் அவர்களுக்கு முறை இல்லை. படகும் வலையும் இல்லை. அவர்களுடைய வலை பத்து விரல்கள். தண்ணீரில் அமர்ந்தும் குனிந்தும் சேற்றைத் துழாவி, விரலில் தட்டுப்படும் இறாலை ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். இரண்டு கைகளும் வேலையில் இருக்கும்போது பிடித்ததை எங்கே போடுவது? பறி என்னும் சிறு கூடையின் விளிம்பை, அல்லது அதன் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். ஆணும் பெண்ணுமாக மணிக்கணக்கில் இப்படியே.

ஒரு பெண் கரையேறினாள். என் வயதுதான் இருக்கும். பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கன்னத்தை இரண்டு தடவை தேய்த்துக்கொண்டாள். அப்புறம்தான் பேச முடிந்தது. பறியிலிருந்ததை ஓலையில் கொட்டிக் கூறு கட்டினாள். உயிரோடு துள்ளிக்கொண்டிருந்த வெள்ளை இறால்.

"இன்னிக்குப் பரவாயில்லம்மா" என்றாள். "வாய் திறந்திருந்தா இறால் உண்டு. மூடிப்போச்சுன்னா துழாவினாலும் சேறுதான்."

வாய் என்று அவள் சொன்னது முகத்துவாரத்தை. இறாலின் கதை நம் கதையைப் போன்றது. பிறந்த இடம் ஒன்று, வளர்கிற இடம் ஒன்று. கடலில் பொரிக்கும் குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, கலங்கிய நீரில் பத்திரமாக வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்புகிறது. ஆற்று நீர் குறைந்து வாசல் மணலால் அடைபட்டால் உள்ளே வருவதும் இல்லை, வெளியே போவதும் இல்லை. பாடு உள்ளவனுக்கும் நஷ்டம். பாடு இல்லாத இவளுக்கும் நஷ்டம்.

மணல் எங்கிருந்து வருகிறது? சென்னைவாசிகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. நம் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. சென்னைத் துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால்தான் தெற்கே மெரினா அகன்றது; வடக்கே ராயபுரத்துக் கரையைக் கடல் அரித்தது. 2001-இல் எண்ணூரில் ஒரு துறைமுகம் வந்தது. அதன் பிறகு இன்னும் வடக்கே காட்டுப்பள்ளியில் ஒன்று. காட்டுப்பள்ளியைப் பன்மடங்கு பெரிதாக்கும் திட்டத்தை இங்குள்ள மீனவ கிராமங்கள் பல ஆண்டுகளாக எதிர்த்துவருகின்றன. துறைமுகம் வந்தால் வேலை வரும், வியாபாரம் வரும் என்பது ஒரு கட்சி. கரை அரிக்கும், முகத்துவாரம் கெடும் என்பது இவர்கள் கட்சி. நாட்டுக்குத் துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓர் இடத்தில் வலை கட்டுவதற்கே ஊரைக் கூட்டி முறை கேட்கிற மனிதர்களை, கரையையே மாற்றுகிற காரியத்தில் கேட்காமல் இருக்கலாமா?

"கூறு என்ன விலை?" என்றார் மாமியார்.

"நூறு ரூபாம்மா."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கடைசிப் பஸ் போய்விடுமே என்ற கவலை எனக்கு. பேரம் ஆரம்பித்தால் லேசில் முடியாது.

மாமியார் இறாலைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தன. இறால் கொம்பு குத்திய சிறு சிறு காயங்கள். பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, இரண்டு நூறு ரூபாய் நோட்டுக்களை எண்ணிக் கொடுத்தார். "இரண்டு கூறு போடு, அம்மா."

பேரம் இல்லை, 'கொசுறு போடு' என்பது கூட இல்லை.

ரயிலில் இறால் பை அவர் மடியில் இருந்தது. பொன்னேரி தாண்டியதும் நான் மெதுவாகக் கேட்டேன்: "ஏன் அம்மா, பேரமே பேசவில்லையே?"

ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பதில் சொன்னார். "அவள் பல்லால் கடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதற்கு நான் என்ன விலை குறைப்பது?"

என் பெண் தூங்கிவிட்டாள். ஓலைப் பெட்டி அவள் கையில் இருந்தது. உள்ளே ஒரு கிளிஞ்சலும், எந்தப் பறவையினுடையதோ தெரியாத ஒரு சின்ன இறகும்.

நீங்களும் ஒரு நாள் போய் வாருங்கள். அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் போனால் பறவைகளைப் பார்க்கலாம். சாப்பாடும் குடிநீரும் கையோடு கொண்டு போங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள். படகில் மட்டும் ஏறாதீர்கள்.

எங்கள் வீட்டில் அதன் பிறகு பெரிய மாறுதல் ஒன்றும் இல்லை. சென்ற வாரம்கூட வஞ்சிரத்துக்காக வாசலில் அரை மணி நேரம் யுத்தம் நடந்தது. வழக்கம்போல் மாமியாருக்கே ஜயம். பிறகு மீன்காரம்மா கூடையின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, "பழவேற்காட்டு இறால் இருக்குதும்மா" என்றாள்.

"என்ன விலை?" என்றார் மாமியார். அவள் சொன்னாள்.

மாமியார் உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்து கொடுத்தார். மீன்காரம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, தெருக்கோடி வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.